கடைவாய்ப் பல் எடுத்து ஒன்பது நாள்: வலி குறைந்துவிட்டது, நாக்கில் பாதி இன்னும் மரத்துக் கிடக்கிறது

டப்பாக்காரி, செம்பூர்

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். வயது 43. வீட்டில் சமைத்து முப்பத்தொரு பேருக்கு மதிய டப்பா அனுப்புகிறேன். பாதிப் பேர் அணுசக்தி நகரில், மீதிப் பேர் இங்கேயே சுற்றுவட்டாரத்தில். பதினோரு ஆண்டுகளாக வீட்டு வாடகையும் மகளின் கல்லூரிக் கட்டணமும் இந்தச் சாம்பாரிலிருந்துதான் வருகின்றன. பல் விஷயத்துக்கு இந்தக் கதை எதற்கு என்று நினைக்காதீர்கள், அங்கேதான் வந்து நிற்கப்போகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை கீழ்த்தாடையில் வலது பக்கத்து ஞானப்பல்லை எடுத்துக்கொண்டேன். அதன் மேல் பாதி மூடிக் கிடந்த ஈறு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை வீங்கும், மாத்திரை போட்டால் அடங்கும். இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓட்டினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பல் நிமிர்ந்து நிற்கவில்லை. படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆளாக ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறோமே, அதே இருப்பு. பக்கத்துப் பல்லும் கெட்டுவிடும், எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். எனக்குக் காய் நறுக்கித் தரும் மாவ்ஷி, "அக்கல் தாட் போனால் அக்கலும் போய்விடும் பார்" என்று சிரித்தாள். மராத்தியில் அக்கல் என்றால் புத்தி, தாட் என்றால் கடைவாய்ப் பல்.

ஈறைக் கீறி, எலும்பைக் குடைந்து, பல்லை இரண்டு துண்டாக்கி எடுத்தார்கள். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. மூன்று தையல். மறுநாள் கன்னம் பன் போல வீங்கியது. வெள்ளிக்கிழமை வீக்கம் வடியத் தொடங்கியதும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அடுத்த இரவைப் பற்றி இனிமேல் எழுதப்போகிறேன்.

சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு வலி எழுப்பியது. பல் எடுத்த அன்று இருந்த வலி இதன் கால்தூசிக்குக் காணாது. தாடையிலிருந்து காதுக்குள் ஏறி, நெற்றிப்பொட்டில் போய் நின்று அடித்தது. எழுதிக் கொடுத்த வலி மாத்திரை ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வாயில் ஒரு நாற்றம். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் மறந்துவிட்டால் வருமே, அதுதான். ஞாயிறு கிளினிக் விடுமுறை. இரண்டு பிள்ளை பெற்றவள் நான், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பிரசவத்துக்குப் பக்கத்தில் வைப்பேன்.

திங்கட்கிழமை மருத்துவர் பார்த்துவிட்டு "டிரை சாக்கெட்" என்றார். குழியைக் கழுவி, கிராம்பு மணக்கும் பழுப்பு நிற மருந்தை உள்ளே அடைத்தார். கால் மணி நேரத்தில் வலி பாதியானது. நேற்று, புதன்கிழமை, மறுபடி கழுவி மாற்றினார். இன்று தாங்கக்கூடிய வலிதான். வாய் மட்டும் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது.

இனி நான் உண்மையில் கேட்க வந்தது. நாக்கின் வலது பாதி, நுனி உட்பட, முதல் நாளிலிருந்தே மரத்துக் கிடக்கிறது. ஊசியின் மயக்கம் தீரவில்லை என்று நினைத்தேன். ஒன்பது நாளாகவா தீராது? சாப்பிடும்போது கடித்துக்கொள்கிறேன், ரத்தம் வந்தபின்தான் தெரிகிறது. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து வைத்த ரசத்தில் உப்பு போதவில்லை என்று தோன்றி மறுபடி போட்டேன், அப்புறம் இன்னொரு முறையும் போட்டேன். ஆறு ஆண்டுகளாக என்னிடம் சாப்பிடும் தம்பி ஒருவர் போன் செய்து, "அக்கா, இன்று ரசத்துக்குள் கடல் வந்துவிட்டது" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவ்வளவு மரியாதையாகச் சொன்னதுதான் உள்ளே தைத்தது. அன்றிலிருந்து மாவ்ஷிதான் ருசி பார்க்கிறாள். அவளுக்கு எந்தச் சாம்பாரிலும் வெல்லம் குறைவு.

மருத்துவரிடம் நாக்கைப் பற்றிக் கேட்டேன். சரியாகிவிடும் என்று ஒரு மாதத்துக்கு வைட்டமின் மாத்திரை எழுதினார். எத்தனை நாளில் என்றால் சொல்ல முடியாது என்கிறார். இப்படி ஆகலாம் என்று முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட ஆங்கிலப் படிவத்தை எடுத்து ஏழாவது வரியில் விரலை வைத்தார். மறுக்க முடியாது, வரி அங்கே இருக்கத்தான் செய்தது.

நாக்கு திரும்பி வருமா? எத்தனை நாள் காத்திருப்பது? வேறு இடத்தில் காட்ட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மாட்டுங்கா தாத்தா

அம்மா, இதற்கெல்லாம் கவலைப்படாதே. நாலு கிராம்பை நசுக்கி, மஞ்சள் பொடியோடு நெய்யில் குழைத்துக் குழிக்குள் திணித்து வை. மூன்று நாளில் ஆறிவிடும். எனக்கு 1971-இல் பல் பிடுங்கினார்கள், எக்ஸ்ரேயும் இல்லை, படிவமும் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தேன்.


ஈறும் எலும்பும்

நான் வாய், தாடை அறுவை மருத்துவர். மும்பையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தாத்தா மன்னிக்கவேண்டும், அந்தக் குழிக்குள் எதையும் திணிக்காதீர்கள். மருத்துவர் வைத்த மருந்திலும் கிராம்பின் சத்துதான், யூஜினால் என்று பெயர், இருக்கிறது. ஆனால் அது அளந்து வைத்தது, குழியைக் கழுவிய பிறகு வைத்தது. வீட்டில் கிராம்புத் தைலத்தை நேராக ஊற்றிக்கொண்டு ஈறு வெந்து வெள்ளையாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சளும் நெய்யும் உள்ளே போனால் கழுவி எடுப்பதற்குள் உங்களுக்கும் வலி, எங்களுக்கும் வலி.

உங்களுக்கு வந்திருப்பது ஒரு தொல்லை அல்ல. தனித்தனியாக மூன்றோ நாலோ இருக்கின்றன, எல்லாம் ஒரே வாரத்தில் வந்ததால் ஒன்றாகத் தெரிகின்றன. பிரித்துப் பார்க்கலாம்.

வலியிலிருந்து தொடங்குகிறேன். பல்லை எடுத்ததும் குழிக்குள் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்க வேண்டும். அதுதான் எலும்புக்குப் போர்வை. அந்தக் கட்டி கரைந்துபோனாலோ பெயர்ந்துபோனாலோ எலும்பு அம்மணமாகிவிடும். அதில் காற்று பட்டாலும் தண்ணீர் பட்டாலும் உயிர் போகும். 1896-இல் கிராஃபோர்டு என்ற பல் மருத்துவர் இதற்கு டிரை சாக்கெட் என்று பெயர் வைத்தார். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மூன்றாம், நாலாம் நாளில் காதுவரை இழுக்கும் வலியும் நாற்றமும் வந்தால் பெரும்பாலும் இதுதான். உங்கள் கதை பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறது. இது சீழ்பிடித்தல் இல்லை என்பதால் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கேட்டு வாங்க வேண்டாம். கழுவி மருந்து வைப்பதும் வலி மாத்திரையும்தான் வைத்தியம். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல், எழுதிக் கொடுத்த நேரப்படி போடுங்கள். ஐபூபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் ஐபூபுரூஃபனை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வாய் திறக்காதது தாடைத் தசையின் இறுக்கம். அவரவர் விரலில் மூன்றை நெட்டுக்குத்தாக நுழைக்க முடிந்தால் அது சரியான திறப்பு. கால் மணி நேரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு மெதுவாகத் திறந்து மூடுங்கள், ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு குச்சி கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி. வாய் கொப்பளிக்க என்ன கொடுத்தார்கள்? அதில் குளோர்ஹெக்சிடின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த மருந்து கிருமிக்கு நல்லது, ஆனால் உப்புச் சுவையை மங்கச் செய்யும். இனிப்பையும் புளிப்பையும் அவ்வளவாகத் தொடாது, உப்பையும் கசப்பையும்தான் பிடிக்கும். உங்கள் ரசத்தில் கடல் புகுந்ததற்கு நாக்கு நரம்பைவிட அந்த பாட்டில்தான் காரணமாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். ஏனென்றால் உங்கள் இடது பாதி நாக்கு நன்றாக இருக்கிறது. பாதி நாக்கு போனாலும் மீதிப் பாதி உப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி நாக்கு. கீழ் ஞானப்பல்லின் உள்பக்கச் சுவரை ஒட்டியே நாக்கு நரம்பு போகிறது. சிலருக்கு எலும்பின் மேலேயே, ஈறுக்கு அடியில், கிடக்கும். உதட்டுக்குப் போகும் நரம்பின் பாதையை எக்ஸ்ரேயில் ஓரளவு பார்த்துவிடலாம். நாக்கு நரம்பை அதில் பார்க்கவே முடியாது. கருவி அழுத்தியோ இழுபட்டோ அடிபடும், சில நேரம் மரப்பு ஊசியின் முனையே குத்தியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அறுபடுவதில்லை, கசங்குவதுதான். கசங்கியது சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் திரும்புகிறது. திரும்பும்போது முதலில் எறும்பு ஊர்வது போலவோ, சுள்ளென்று மின்சாரம் பட்டது போலவோ இருக்கும். பயப்படாதீர்கள், அது நல்ல செய்தி. மருத்துவர் எழுதிய வைட்டமின் மாத்திரையால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது. மூன்று மாதம் ஆகியும் துளி உணர்ச்சிகூட வரவில்லை என்றால் நரம்பைத் தைக்கத் தெரிந்த அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு வருடம் கழித்துப் போனால் தைத்தும் பெரிய பலன் கிடைக்காது. அதனால் காலக்கெடு முக்கியம். உங்கள் மருத்துவர் "சரியாகிவிடும்" என்றது பொய்யில்லை. எந்தத் தேதிக்குள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? சிகரெட் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக: வீக்கம் மறுபடி ஏறத் தொடங்கினால், காய்ச்சல் வந்தால், எச்சில் விழுங்க முடியாமல் போனால், நாக்கின் அடிப்பகுதி மேலே தூக்கிக்கொண்டு குரல் மாறினால், இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். தாடைக்கடியில் பரவும் அந்தச் சீழுக்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். 1836-இல் லுட்விக் விவரித்தபோது எப்படி மூச்சை அடைத்ததோ அப்படியேதான் இன்றும் அடைக்கிறது.


முலுண்டு முத்து

அக்கா, ஞானப்பல் எடுத்தபின் எனக்கு மரத்துப்போனது நாக்கு இல்லை, உதடு. இடது கீழுதடும் மோவாயும். டீ குடித்தால் ஓரத்தில் வழியும், எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் எதிரே உட்காருபவர் தன் மோவாயைத் தொட்டுக் காட்டுவார், நான் துடைத்துக்கொள்வேன். எங்களுக்குள் அது ஒரு சைகையாகவே ஆகிவிட்டது.

சவரம் செய்யும்போது பாதி முகம் வேறொருவருடையது போல இருக்கும். நானாக ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஃபிரிட்ஜில் வைத்த ஸ்பூனை உதட்டில் வைப்பேன். முதல் ஏழு வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் ஸ்பூன் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, குளிர்ச்சி தெரியவில்லை. அதற்குப் பின் எறும்பு. ஐந்தாவது மாதம் குளிர்ச்சியும் வந்தது. இப்போது இரண்டு ஆண்டு ஆகிறது. மோவாயில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் இன்னும் மந்தம்தான். மறந்தே போய்விட்டேன், உங்கள் பதிவைப் படித்ததும் தொட்டுப் பார்த்தேன்.

சூடாக எதையும் வாயில் வைக்காதீர்கள். எனக்கு வடாபாவ் எண்ணெய் பட்டு உதடு கொப்பளித்தது, கண்ணாடியில்தான் பார்த்தேன்.


டப்பாக்காரி, செம்பூர்

டாக்டர், பாட்டிலைத் தேடி எடுத்துப் படித்தேன். நீங்கள் சொன்ன அதே பெயர்தான். ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று எழுதியிருக்கிறது. சீக்கிரம் ஆறட்டுமே என்று நான் நாலு முறை கொப்பளித்துக்கொண்டிருந்தேன். ரசத்தை நினைத்து அழுததற்குப் பதிலாக இந்தச் சீட்டைப் படித்திருக்கலாம்.

ஹார்மோன் மாத்திரை: ஆமாம். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு என்று பெண்கள் மருத்துவர் மூன்று மாதமாகக் கொடுத்துவருகிறார். பல் கிளினிக்கில் "சர்க்கரை, பிரஷர், இதயம்?" என்று கேட்டார்கள். மூன்றும் இல்லை என்றேன். கர்ப்பப்பை மாத்திரைக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்?

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் நாள் ஸ்டேஷன் வாசலில் இளநீர் வாங்கி ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினேன். குளிர்ச்சி என்று மாமியார் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு முதல் நாள் மாலையே உப்புத் தண்ணீரால் காறிக் காறிக் கொப்பளிக்கவும் செய்தேன்.

முத்து தம்பி, ஃபிரிட்ஜ் ஸ்பூனை நாளையிலிருந்து நானும் வைத்துப் பார்க்கிறேன்.


ஈறும் எலும்பும்

சம்பந்தம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சேர்ந்த மாத்திரை, உறைந்த ரத்தம் கரைவதை விரைவுபடுத்தும். அவற்றைச் சாப்பிடும் பெண்களுக்கு டிரை சாக்கெட் கூடுதலாக வருகிறது என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த பல் எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அது போதும்.

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது, உறிஞ்சவும் துப்பவும் கூடாது. அதன் பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு, வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து, தானாக வழிய விடவேண்டும். ஆனால் இளநீரின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். எலும்பைக் குடைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடுபட்டு எடுத்த கீழ்ப் பல்லுக்கு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் இது வருகிறது.

குளோர்ஹெக்சிடினை உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். வேறு இடத்தில் ஒருமுறை காட்டிப் பதிவு செய்துகொள்வது நல்லது. செம்பூரில் ஹார்பர் ரயில் ஏறினால் நேரே சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையம்; பக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு, உங்களுக்கு ரயில் மாற வேண்டியிருக்கும். காலையிலேயே போய் கேஸ் பேப்பர், அதாவது நோயாளிப் பதிவுச் சீட்டு, எடுத்து, அறுவைப் பிரிவு என்று கேளுங்கள். எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள்.


சயான் வாசகி

வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் இரண்டு வரி. ஏழாவது வரியில் விரல் வைத்துக் காட்டினால் கதை முடிந்துவிடாது. நோயாளிக்குப் புரியும்படி விளக்கிய பிறகு பெறுவதுதான் ஒப்புதல் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம். போடுகிறீர்களோ இல்லையோ, எக்ஸ்ரே, படிவம், சிகிச்சைக் குறிப்பு மூன்றின் நகலையும் இப்போதே எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.


டப்பாக்காரி, செம்பூர்

நகல் வாங்கிக்கொள்கிறேன். வழக்குக்கு எனக்குத் தெம்பில்லை அம்மா, விடியற்காலை நாலரைக்கு அரிசி களைய வேண்டும். அந்த மனிதர் கைத்திறன் இல்லாதவரும் இல்லை. ஞாயிறு இரவு நான் அனுப்பிய செய்திக்குப் பதில் போட்டுத் திங்கள் காலை முதல் ஆளாக உட்கார வைத்தார். என் கோபம் வேறு. "அம்மா, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சமையல் என்று சொல்லியிருப்பேன். நாக்கு மரக்கலாம் என்று அவர் சொல்லியிருப்பார். அப்போதும் பல்லை எடுத்திருப்பேன்தான். இரண்டு வாரத்துக்கு ருசி பார்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டு எடுத்திருப்பேன்.


புதிய உறுப்பினர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 68 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். அடுத்த வாரம் பல் எடுக்க வேண்டும். ஐந்து நாள் முன்பே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.


ஈறும் எலும்பும்

நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் பல் குழியில் வரும் ரத்தத்தைவிட அது பெரிய ஆபத்து. பல் எடுப்பவரிடமும் இதய மருத்துவரிடமும் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள், முடிவை அவர்கள் எடுக்கட்டும். எடுத்த பிறகு ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. எல்லாரும் பார்க்கிறார்கள், அதனால்தான் நிற்பதில்லை. அதன் பிறகும் நிற்காவிட்டால் உடனே எடுத்தவரிடமே கொண்டுபோங்கள்.


மாட்டுங்கா தாத்தா

டாக்டரம்மா சொல்வதே சரியாக இருக்கட்டும். 1971-இல் நான் வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்து வந்தேன் என்றேனே, அன்று இரவு முழுவதும் தலையணையில் ரத்தம் என்பதை வீட்டுக்காரி இப்போதுதான் ஞாபகப்படுத்தினாள்.


டப்பாக்காரி, செம்பூர்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். யாராவது இதே வலியோடு நடுராத்திரியில் இங்கே வந்து தேடுவார்கள், அவர்களுக்காக.

டிரை சாக்கெட் மருந்தை மொத்தம் மூன்று முறை மாற்றினார்கள். பதினோராம் நாள் மாத்திரை இல்லாமல் தூங்கினேன். குழி இப்போது பெரும்பாலும் மூடிவிட்டது, சாதப் பருக்கை போய் உட்காருவதில்லை. வாய் மூன்று விரலுக்குத் திறக்கிறது. குச்சி வைத்தியம் பதினாலு குச்சிவரை போனது. மகள் ஐஸ்கிரீம் தின்று உதவினாள்.

கொப்பளிக்கும் மருந்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஐந்தாம் நாள் மோரில் உப்பு தெரிந்தது. அதுவும் எப்படித் தெரிந்தது என்றால், மாவ்ஷி சரியாக இருக்கிறது என்று சொன்ன மோர் எனக்குக் கரித்தது. அடுப்படியில் நின்று உரக்கச் சிரித்தேன்.

அரசுப் பல் கல்லூரிக்கு ஒரு வியாழக்கிழமை போனேன். டப்பாவுக்கு அன்று விடுமுறை சொல்லிவிட்டு ஏழு மணி ரயிலில் ஏறி, வரிசையில் நின்று, கேஸ் பேப்பர் எடுத்து, பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். என் மகள் வயதிருக்கும் ஒரு மாணவி, கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் நாக்கைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டாள். பிறகு ஊசி முனை. பிறகு ஒரு காகிதத்தில் நாக்கை வரைந்து, உணர்ச்சி இல்லாத இடத்தைச் சிவப்புப் பேனாவால் அடைத்தாள். இலங்கை வரைபடத்தைப் பாதியாக மடித்து ஒரு பக்கம் மட்டும் வண்ணம் தீட்டியது போல இருந்தது. பெரிய டாக்டர் வந்து பார்த்து, ஆறு வாரத்தில் வா, மூன்று மாதத்துக்குள் அசைவு இல்லை என்றால் அடுத்ததை யோசிப்போம் என்று தேதி போட்டு எழுதினார். எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தேதிதான். சுவரில் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினேன்.

முத்து தம்பியின் ஸ்பூன் ஐந்து வாரம் மௌனம் காத்தது. போன வாரம் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது நாக்கு நுனியில் சுள்ளென்று ஒன்று ஓடியது. கரண்டியைக் கீழே போட்டேன். மறுநாளும் ஓடியது. இப்போது நாள் முழுவதும் வலது பக்கத்தில் எறும்புப் படை. எரிச்சலாகத்தான் இருக்கிறது, போகச் சொல்லவும் மனம் வரவில்லை. நேற்று இரவு மகள் என் கண்ணைக் கட்டிவிட்டு வலது நுனியில் ஒன்று வைத்தாள். சர்க்கரை என்றேன். உப்பு அது. ஆனால் ஏதோ வைத்தாள் என்று தெரிந்ததே.

அந்தக் கடல் ரசத் தம்பி இன்னமும் டப்பா வாங்குகிறார். இன்றைய சாம்பாரை இடது பக்கத்தில் விட்டு நானே ருசி பார்த்தேன், உப்பு ஒரு துளி குறைவு என்று பட்டது. சரிபார்க்க மாவ்ஷியிடம் நீட்டினேன். வெல்லம் போதாது என்றாள்.